கண்ணின் ஓட்டத்தை ஆராய்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம்

கண்ணோட்டம் என்னும் சொல்லைத் தமிழர்களாகிய நாம் இரு பொருளில் வழங்குகின்றோம். பிறர்பால் கொள்ளும் இரக்கம் ஒரு பொருள். ஒன்றனை நோக்கும் முறைமை மற்றொரு பொருள். முதற்பொருளுக்கென வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரமே வகுத்தார். இவ்விரு பொருள்களுக்கும் வேராக நிற்பது கண் ஓடுதல் என்னும் உடற்செயலேயாகும். கண் எவ்வாறு ஓடுகிறது? இரு கண்களும் ஏன் சேர்ந்தே ஓடுகின்றன? இரண்டு கண்கள் இருந்தும் பொருள் ஒன்றாகவே தோன்றுவது எங்ஙனம்? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வினாக்களை எழுப்பி, ஊகத்தால் விடை கூறாது, ஒரு மரப்பலகையும் மெழுகு முளைகளும் கொண்டு சோதித்து விடை கண்டவர் அபூ அலீ அல் ஹசன் இப்னுல் ஹைதம். அப்பெருமகனாரின் வாழ்வையும், கண்ணின் அசைவு பற்றி அவர் கண்ட உண்மையையும், அதன்பின் உலகம் கண்டவற்றையும் இம்மலரில் ஒருங்கே காண விழைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய ஈராக் நாட்டின் தென்பகுதியில் உள்ள பஸ்ரா நகரில் ஹிஜ்ரி 354 அளவில், அதாவது கி.பி. 965-ஐ ஒட்டி, இப்னுல் ஹைதம் பிறந்தார். அக்காலத்துப் பஸ்ரா வணிகத்திற்கும் கல்விக்கும் பெயர்பெற்ற துறைமுக நகர். கிரேக்க அறிஞர்களான யூக்ளிட், தாலமி, காலன் முதலியோரின் நூல்கள் பக்தாத் நகரில் அரபு மொழிக்கு வந்து ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. கற்க விரும்பிய இளைஞனுக்கு நூல்களுக்குக் குறைவில்லை.

அவருடைய வாழ்வைப் பின்னாளில் எழுதியவர்களுள் இப்னுல் கிஃப்தீ, இப்னு அபீ உஸைபிஆ ஆகிய பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆசிரியர்கள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். இளமையில் அவர் அரசு அலுவல் ஒன்றில் அமர்ந்திருந்தார் என்றும், அலுவற் சுமை கல்விக்கு இடையூறாக இருந்தமையால் அதனை உதறினார் என்றும் ஒரு செய்தி உண்டு. கணிதம், வானியல், ஒளியியல் ஆகிய துறைகளில் அவர் இயற்றியனவாகத் தொண்ணூறு அளவிலான நூல்கள் பட்டியலிடப் பெற்றுள்ளன. பாதிக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன.

நைல் நதியும் ஒரு தோல்வியும்

அந்நாளில் எகிப்தை ஆண்டவர் ஃபாத்திமீ மரபைச் சேர்ந்த அல் ஹாகிம். 996 முதல் 1021 வரை அவரது ஆட்சி நிகழ்ந்தது. 1005-இல் காஹிராவில் அறிவு இல்லம் ஒன்றை நிறுவி அறிஞர்களை ஆதரித்தவர் அவரே. சிறு காரணத்திற்காகப் பெருந்தண்டனை விதித்து அறிஞரையும் அலுவலரையும் அஞ்சச் செய்தவரும் அவரே. கண்படலத்தை உள்துளையுடைய ஊசியால் உறிஞ்சியெடுக்கும் முறையை எழுதிய கண் மருத்துவர் அம்மார் அல் மவ்ஸிலீ தம் நூலை இம்மன்னருக்கே காணிக்கையாக்கினார்.

நைல் நதி ஓராண்டு பெருகி ஊரை அழிக்கும். மற்றோராண்டு வற்றிப் பஞ்சம் தரும். தாம் எகிப்தில் இருந்தால் இதனை ஒழுங்குபடுத்தும் வழி காண இயலும் என்று இப்னுல் ஹைதம் கூறியது மன்னர் செவிக்கு எட்டியது என்கிறார் கிஃப்தீ. மன்னர் அவரை வரவழைத்து, நகருக்கு வெளியே சென்று எதிர்கொண்டு வரவேற்றார். ஆட்களும் பொருளும் அளித்து அனுப்பினார். அறிஞர் தம் குழுவினருடன் நதியின் கரை வழியே தெற்கே சென்றார். வழிநெடுகப் பண்டை எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்களைக் கண்டார். அவற்றின் அளவும் கணக்கும் பிழையற்று நின்றன. இவ்வளவு வல்லமை பெற்றிருந்தோர், இயலுமாயின் இந்நதியையும் அன்றே அடக்கியிருப்பர் அல்லரோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அசுவானுக்குத் தெற்கே அல் ஜனாதில் என்னும் பாறைப் பகுதியை அடைந்து நிலத்தின் அமைப்பை நேரில் ஆராய்ந்தபோது, தம் திட்டம் அக்காலத்துக் கருவிகளால் நிறைவேறாது என உணர்ந்தார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். மன்னர் கொடுத்த பொருளைச் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் வேலை நடப்பதுபோல் காட்டிக் காலம் கடத்துவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் திரும்பி வந்து, தம் கணிப்பு தவறு என்று மன்னரிடம் ஒப்புக்கொண்டார். அதே அசுவான் பகுதியில் 1902-இல் ஓர் அணையும், 1970-இல் பேரணையும் கட்டி முடிக்கப்பெற்றன. அவர் எண்ணம் பொய்யன்று, காலந்தான் பொருந்தவில்லை.

மன்னர் அவர் கூறிய காரணத்தை ஏற்று அலுவல் ஒன்றும் அளித்தார். ஆயினும் அம்மன்னரின் மனம் எப்பொழுது மாறும் என்பதை எவரும் அறியார். மறுக்கவும் அஞ்சி, தொடரவும் அஞ்சிய அறிஞர், அறிவு பேதலித்தவராக நடிக்கத் தொடங்கினார். அவரது உடைமைகள் பறிக்கப்பட்டன. காவலுடன் வீட்டிற்குள்ளேயே அடைக்கப்பட்டார். உலகின் கூரிய அறிவுகளுள் ஒன்று பித்தனெனப் பெயர் சுமந்து ஆண்டுகள் பல கழிந்தன. 1021-இல் அல் ஹாகிம் முகத்தம் குன்றுப் பகுதிக்கு இரவில் சென்றவர் திரும்பவில்லை. அதன்பின்னரே இப்னுல் ஹைதம் தம் வேடம் கலைத்து வெளியே வந்தார். உடைமைகளும் மீண்டன.

அல் அஸ்ஹர் வாயிலில்

விடுதலை பெற்றவர் அரண்மனையை நாடவில்லை. அல் அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலை அடுத்த ஒரு குவிமாட அறையில் தங்கினார். ஆண்டுதோறும் யூக்ளிடின் வடிவகணித நூல், தாலமியின் வானியல் நூல், இவ்விரண்டிற்கும் இடையே பயிலப்பெறும் நூல்கள் ஆகியவற்றைத் தம் கையால் படியெடுத்து 150 தீனாருக்கு விற்பார். விலை பேசுவதில்லை. அத்தொகை அவருக்கு ஓராண்டு உணவுக்குப் போதும். எஞ்சிய நேரமெல்லாம் எழுத்தும் ஆராய்ச்சியுமாகக் கழிந்தது. 1040 அளவில் காஹிராவிலேயே அவர் மறைந்தார்.

அவரது தலைசிறந்த படைப்பு கிதாபுல் மனாழிர் என்னும் ஒளியியல் நூல். ஏழு பகுதிகளைக் கொண்ட பெருநூல் அது. அதன் மிகப் பழைய படி ஒன்றை 1083-இல் எழுதி முடித்தவர் அறிஞரின் மருமகனே என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி. அப்படி இன்றும் இஸ்தான்புல் நகரில் காக்கப்படுகிறது.

கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காட்சி உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்தனர். கதிரவனை உற்று நோக்கினால் கண் கூசி நோவதையும், ஒளிமிக்க பொருளை நோக்கிக் கண்ணை மூடிய பின்னும் அதன் சாயல் நிற்பதையும் எடுத்துக்காட்டி, ஒளியே வெளியிலிருந்து வந்து கண்ணைத் தாக்குகிறது என்று இப்னுல் ஹைதம் நிறுவினார். இச்செய்தியைப் பலரும் அறிவர். கண்ணின் அசைவு பற்றி அவர் எழுதியது அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அதனையே இங்கு விரிக்க விரும்புகின்றோம்.

பார்த்தலும் நோக்குதலும்

கண்ணின் நடுவே நேராகச் செல்லும் கோட்டை அவர் அச்சு என்றார். அவ்வச்சில் விழும் பகுதியே தெளிவாகத் தெரியும். விலக விலகத் தெளிவு குன்றும். ஆகவே ஒரு பொருளை முற்றாக அறிய வேண்டுமாயின், கண் அதன் மீது பகுதி பகுதியாக ஓடுதல் வேண்டும். மேலோட்டமான காட்சியையும் ஆழ்ந்து நோக்கும் காட்சியையும் அவர் வெவ்வேறாகப் பிரித்தார். தமிழில் பார்த்தல், நோக்குதல் என்னும் இரு சொற்களுக்கிடையே நாம் உணரும் வேறுபாடு இதுவேயாகும். செய்யுளுறுப்புகளுள் நோக்கு என ஒன்றைத் தொல்காப்பியர் வைத்ததையும் தமிழ் மாணவர் இங்கு நினைவுகூரலாம்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர், பழகிய சொல்லை எழுத்தெழுத்தாக நோக்காமல் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொள்கிறார் என்பதையும் அவர் குறித்தார். அப்ஜத் என்னும் சொல்லையே அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். நூல் படிக்கும்பொழுது நம் கண் வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவிச் சென்று இடையிடையே நிற்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிவியலார் கண்டனர். அக்கண்டுபிடிப்புக்கு அருகிலேயே இவர் நின்றிருந்தார் எனலாம்.

பலகையும் மெழுகு முளைகளும்

இரண்டு கண்களும் எப்பொழுதும் ஒன்றாகவே இயங்குகின்றன. ஒன்று அசைந்து மற்றொன்று நிற்பது இயலாத செயல். இரு அச்சுகளும் நோக்கப்படும் பொருளின் மேல் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. இதுவே அவர் கண்ட முடிவு. இதனைச் சோதிக்க ஒரு முழ நீளமும் நான்கு விரல் அகலமும் உள்ள மெல்லிய பலகையை எடுத்துக்கொண்டார். நம் நாட்டாரும் முழமும் விரலும் கொண்டே அளந்தனர் என்பதால் அப்பலகை நம் கண்முன்னே நிற்கிறது. நீளவாக்கில் நடுவே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு. மூலைக்கு மூலை இரு கோடுகள். எல்லாம் பளிச்சிடும் வண்ணங்களில். பலகையின் ஓரத்தில் மூக்குப் பொருந்துமாறு ஒரு வெட்டு. கோடுகளின் மேல் நிறுத்தச் சிறு மெழுகு முளைகள்.

பலகையை முகத்தோடு பொருத்தி நடு முளையை உற்று நோக்கினால் அது ஒன்றாகத் தெரியும். நீளக் கோட்டில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள முளைகள் இரண்டிரண்டாகத் தெரியும். குறுக்குக் கோட்டில் நடு முளையை அடுத்து நிறுத்தியவை ஒன்றாகவே தெரியும். பார்வையை வேறொரு முளைக்கு மாற்றினால், இரட்டையாக நின்றது ஒன்றாகிவிடும். ஒன்றாக நின்றது இரட்டையாகிவிடும். முளைகள் அசையவில்லை, அசைந்தவை கண்களே.

இதனை நம் வகுப்பறையில் ஒருமுறை செய்து காட்டினோம். பலகைக்கு மாறாக இரண்டு பென்சில்கள். ஒன்று கைக்கெட்டும் தொலைவில், மற்றொன்று மூக்குக்கு ஒரு சாண் முன்னே. தொலைவில் உள்ளதை நோக்கியவுடன் அருகில் உள்ளது இரண்டாகப் பிரிந்ததைக் கண்டு மாணவர்கள் வியந்து சிரித்தனர். அத்தனை ஆண்டுகளாக அவர்கள் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்றை அன்றுதான் அவர்கள் முதன்முதலாகக் கண்டார்கள்.

அசைக்கும் தசைகள்

இத்தகைய ஒத்த இயக்கத்தை நிகழ்த்துவன யாவை? விழிக்கோளம் ஒவ்வொன்றையும் ஆறு தசைகள் பற்றியிருக்கின்றன. மேல், கீழ், உள், வெளி என நான்கு நேர்தசைகள். மேல், கீழ் என இரண்டு சாய்தசைகள். நேர்தசைகள் நான்கும் மேற்சாய்தசையும் கண்குழியின் ஆழத்திலிருந்து புறப்படுகின்றன. கீழ்ச்சாய்தசை மட்டும் கண்குழியின் முன்பகுதியில், மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்குகிறது. மேற்சாய்தசையின் அமைப்பு வியப்பிற்குரியது. அது முன்னோக்கி வந்து, மூக்கை அடுத்த மேல்விளிம்பில் உள்ள ஒரு சிறு வளையத்தின் வழியே, கிணற்று ராட்டினத்தின் மேல் கயிறு திரும்புவது போலத் திரும்பி விழிக்கோளத்தைப் பற்றுகிறது.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. மூளையிலிருந்து வரும் நரம்பின் நுனியில் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. தசை இழையினுள் கால்சியம் விடுபடுகிறது. தடித்த நுண்ணிழைகள் மெல்லிய நுண்ணிழைகளைப் பற்றி இழுக்க, ஒன்றின் மேல் ஒன்று சறுக்கித் தசை குறுகுகிறது. இழைகள் தாமே சுருங்குவதில்லை, சறுக்குகின்றன என்பதை 1954-இல் இரு ஆராய்ச்சிக் குழுவினர் ஒரே காலத்தில் வெளியிட்டனர். காலின் பெருந்தசையில் ஒரு நரம்பிழை ஆயிரத்திற்கும் மேற்பட்ட தசை இழைகளை ஆளும். கண் தசையிலோ ஒரு நரம்பிழையின் ஆட்சி ஒரு சில இழைகளோடு நின்றுவிடும். அதனாலேயே கண்ணின் அசைவு அத்துணை நுட்பமாக அமைகிறது.

நாம் வலப்புறம் நோக்கும்பொழுது வலக்கண்ணின் வெளித்தசையும் இடக்கண்ணின் உள்தசையும் சேர்ந்து இழுக்கின்றன. அவற்றிற்கு எதிர்த்தசைகள் அவ்வேளையில் தளர்ந்து இடம் விடுகின்றன. அருகில் உள்ள நூலை நோக்கினால் இரு கண்களின் உள்தசைகளும் ஒருங்கே இழுத்து இரு அச்சுகளையும் ஒரு புள்ளியில் கூட்டுகின்றன. இரு கண்களுக்கும் மூளை சமமான ஆணையையே அனுப்புகிறது என்பதை 1868-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெரிங் விதியாக வகுத்தார். ஒரு தசை இழுக்கும்பொழுது அதன் எதிர்த்தசை தளரும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன் கண் தசைகளிலேயே சோதித்துக் காட்டினார். இரு கண்களும் சமமாக இயங்குகின்றன என்னும் அடிப்படை உண்மையைத் தசையும் நரம்பும் இயங்கும் முறை அறியப்படாத காலத்தில், வெறும் நோக்கினாலும் சோதனையினாலும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்னுல் ஹைதம் எழுதிவிட்டார்.

மிகையின்றிப் போற்றுவோம்

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் நம் கடமை. முன்னோர் பெருமையைப் பேசும் மேடைகளில், கண் பற்றிய அனைத்தையும் நம்மவரே கண்டனர் என்று முழங்கும் வழக்கம் உண்டு. உண்மை அவ்வாறன்று. கண்ணின் உடற்கூற்றை இப்னுல் ஹைதம் தாமே அறுத்துக் கண்டதாகக் கூறவில்லை. முன்னோரின் உடற்கூற்று நூல்களிலிருந்தே எடுத்துக்கொண்டார். அந்நூல்களுள் பலவற்றை அரபு மொழிக்குத் தந்து, கண் மருத்துவத்திற்கெனப் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூலையும் இயற்றிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறித்தவப் பெருமகனார். கால்நடைகளின் கண்ணைப் பின்னிழுக்கும் ஒரு தசை மனிதனுக்கும் உண்டென்று காலன் கொண்ட பிழை பல நூற்றாண்டுகள் தொடர்ந்து, 1543-இல் வெசாலியஸ் நூலிலும் இடம்பெற்றது. 1561-இல் இத்தாலிய அறிஞர் ஃபலோப்பியோ அதனைத் திருத்தி, மேற்சாய்தசை திரும்பும் வளையத்தையும் விளக்கினார். காட்சியை உணரும் இடம் விழிவில்லை என்று இப்னுல் ஹைதம் கருதியதும் பிழையே. 1604-இல் கெப்ளர், உருவம் விழுமிடம் விழித்திரை என்று காட்டினார். அந்தக் கெப்ளருக்கு வழி திறந்தது, 1200 அளவில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572-இல் பாசல் நகரில் அச்சேறிய இப்னுல் ஹைதமின் நூலே.

இதனைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. தாலமியின் மீது ஐயங்கள் என்றொரு நூலையே எழுதியவர் அவர். முன்னோர் நூலைப் படிப்பவன் அதனை நம்புவதோடு நில்லாது, அதனை எல்லாப் பக்கமிருந்தும் வினவ வேண்டும். அவ்வாறு வினவும்பொழுது தன்னையும் ஐயுற வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரை மிகைப்படுத்திப் புகழ்வோமாயின் அவர் கொள்கைக்கே நாம் மாறுபட்டவர்களாவோம். நைல் கரையில் தம் தவற்றை ஒப்புக்கொண்டவருக்கு, மெய்யல்லாத புகழ் அணியாகாது.

மற்றொரு செய்தியையும் பெரியோர்கள் முன் பணிவுடன் வைக்க விரும்புகின்றோம். எம் உறவினர் ஒருவரின் மகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண் சற்று விலகியிருந்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று கூறி வீட்டார் மகிழ்ந்தனர். நாமும் அருகிலிருந்து கேட்டு வாளாவிருந்தோம். கண்கள் ஒரே புள்ளியில் கூடாதபொழுது குழந்தையின் மூளை இரட்டைக் காட்சியைத் தவிர்க்க ஒரு கண்ணின் செய்தியைப் புறக்கணிக்கப் பழகிவிடும். நாளடைவில் அக்கண்ணின் பார்வையே மங்கிவிடும். பள்ளிப் பருவத்திற்கு முன்னரே மருத்துவரிடம் காட்டியிருந்தால் கண்ணாடியாலோ, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து வைப்பதாலோ, தசையைச் சீர்செய்யும் அறுவையாலோ பெரும்பாலும் காத்திருக்கலாம் என்று பின்னர் அறிந்தோம். அப்பெண் இன்று ஒரு கண்ணின் துணையோடு நன்றாகவே படித்து முன்னேறியுள்ளார். ஆயினும் அவரைக் காணும்போதெல்லாம், இப்னுல் ஹைதமைப் பற்றி மேடையில் பேசத் தெரிந்த நமக்கு ஒரு குழந்தையின் கண்ணை நோக்கத் தெரியவில்லையே என்னும் வருத்தம் நெஞ்சில் எழுகிறது.

நிறைவாக

ஒளியியல் நூல் எழுந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நிறைவதை ஒட்டி, 2015-ஆம் ஆண்டு உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பெற்றபோது இப்னுல் ஹைதமின் பெயரும் நினைவுகூரப்பெற்றது. நிலவின் மேற்பரப்பில் உள்ள பள்ளம் ஒன்றும் அவரது லத்தீன் பெயரான அல்ஹாசன் என்பதைத் தாங்கி நிற்கிறது. இவை உலகம் அவருக்குச் செய்த சிறப்புகள்.

மாணவச் செல்வங்கள் அவருக்குச் செய்யத்தக்க சிறப்பு வேறொன்று. கற்ற நூலை வினவுங்கள். கண்டதை மீண்டும் நோக்குங்கள். தவறு நேர்ந்தவிடத்து ஒப்புக்கொள்ளத் தயங்காதீர்கள். பெரியோர்களே, இன்று இல்லம் சென்றதும் உங்கள் பேரக் குழந்தைகளைச் சாளர ஒளியில் நிறுத்தி அவர்தம் இரு கண்களும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று ஒருகணம் நோக்குங்கள். ஐயம் எழுந்தால் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணின் ஓட்டத்தை அறிந்த கல்வி, கண்ணோட்டம் என்னும் இரக்கமாகக் கனிவதற்கு அதுவே தொடக்கமாக அமையும்.